பலகை இருந்தது, வரைபடம் விடவில்லை

2022இல் மனுரேவாவில் எங்கள் தெருவில் எழும்பிக்கொண்டிருந்த டவுன்ஹவுஸ்கள் பாதியில் நின்றன. மரச்சட்டம் இருந்தது, கூரை இருந்தது. உட்சுவருக்குப் பலகை இல்லை. இந்த நாட்டில் அந்தப் பலகையை யாரும் பிளாஸ்டர்போர்ட் என்பதில்லை, 'ஜிப்' என்றுதான் சொல்வார்கள். அது ஃபிளெட்சர் பில்டிங்கின் வின்ஸ்டன் வால்போர்ட்ஸ் விற்கும் பொருளின் பெயர். சந்தையில் 90 சதவீதத்துக்கு மேல் அவர்களிடம் இருந்தது.

எல்லோரும் ஆலையைத் திட்டினார்கள். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் பட்டது. தேவை திடீரென எகிறினால் எந்த ஆலையும் திணறும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் பில்டர்களும் கூடுதலாகவே ஆர்டர் போடுவார்கள். பிறகு உண்மையான தேவை எவ்வளவு என்று ஆலைக்கே தெரியாது.

எனக்கு உறுத்தியது வேறு. தாய்லாந்துப் பலகை அப்போதும் சந்தையில் இருந்தது. ஆனால் ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் 'ஜிப்' என்று எழுதி, நகரசபையும் அதற்கே அனுமதி கொடுத்திருந்தால், பில்டர் நினைத்தபடி வேறொன்றை மாட்ட முடியாது. வீட்டின் உறுதியே அந்தப் பலகையை நம்பிக் கணக்கிடப்பட்டிருக்கும். ஆக, எதை வாங்குவது என்பதை முடிவு செய்தவர் வாங்குபவரே அல்ல. தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் அமைக்கும் என் வேலையிலும் இதைப் பார்க்கிறேன்: சப்ளையர் பட்டியலில் ஒரே ஒரு பெயர். ஏன் என்று கேட்டால், டிசைனில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள்.

ஒரே இடத்தில் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. டொயோட்டா ஒரு சிறிய பிரேக் வால்வை ஏறக்குறைய முழுவதும் ஐசினிடமே வாங்கியது. 1997 பெப்ரவரி 1 அன்று ஐசினின் கரியா ஆலை எரிந்தது. சில நாட்களில் டொயோட்டாவின் கார் உற்பத்தி நின்றுபோனது. ஆனால் மற்ற சப்ளையர்கள் வரைபடத்தை வாங்கி, கையில் இருந்த இயந்திரங்களிலேயே வால்வைக் கடைந்து கொடுத்தார்கள். சுமார் ஒரு வாரத்தில் கார்கள் மறுபடி ஓடிவந்தன. அங்கே வரைபடம் கதவைத் திறந்தது, இங்கே அதுவே பூட்டியது.

2022 ஜூனில் அமைச்சர் மேகன் வுட்ஸ் ஒரு பணிக்குழு அமைத்தார். பலகை நிறங்களின் மீதுள்ள வணிகக்குறியைக் காட்டி இறக்குமதியாளர்களைத் தடுக்கப்போவதில்லை என்று ஃபிளெட்சரும் இறங்கிவந்தது. உங்களில் என்ஜினியரிங் படிப்பவர்கள் அசைன்மென்டில் பிராண்ட் பெயர் எழுதும் முன், அந்தப் பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

2023இல் தௌரங்காவில் அதே நிறுவனத்தின் பெரிய புதிய ஆலை வந்துவிட்டது. பலகை இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. எங்கள் பக்கத்துப் பில்டர்கள் இன்னும் 'ஜிப்' என்றுதான் கேட்கிறார்கள்.