உடம்புக்குள் போகும் பொருள் எதனால் ஆனது?

மாதவிடாய்க் கிண்ணம் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்குப் பல கடிதங்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. கொப்பித் தாளில் நாலு வரி. வெளிநாட்டில் இருக்கிற சிநேகிதி ஒருத்தி, தனித்திருக்கும் பெண்கள் தங்கள் உடல் தேவைக்குப் பாவிக்கிற பொருள் ஒன்றை உடுப்புப் பார்சலுக்குள் சுற்றி அனுப்பியிருக்கிறாளாம். "றப்பர் மாதிரி இருக்கிறது. திறந்தவுடன் வருகிற மணத்தில் தலை சுற்றுகிறது. பாவிக்கலாமா? யாரிடமும் கேட்க முடியாது" என்று முடித்திருந்தார்.

இதைப் போடுவதா விடுவதா என்று எங்களுக்குள் கொஞ்சம் கதைத்தோம். கணவனை இழந்தவளுக்கும், காணாமற் போனவரைத் தேடித் தேடி அலைகிறவளுக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதற்கு ஒரு தேவை வருவது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பகுதியில் இடமில்லை. என்னைக் கேட்டால் பிழையில்லை. ஆனால் அந்தச் சகோதரி என்னிடம் கேட்டது அதையல்ல. மணக்கிற பொருளை உடம்புக்குள் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அது மிக நல்ல கேள்வி. மாதவிடாய்க் கிண்ணத்துக்கும், கர்ப்பப்பை இறக்கத்துக்கு வைத்தியர் போட்டுவிடுகிற வளையத்துக்கும், குழந்தையின் சூப்பிக்கும் கூட அதே கேள்விதான்.

முதலில் அந்த மணத்தைப் பார்ப்போம். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கப் போட்டிருக்கிற வெள்ளைக் குழாயும், புது மழைக்கோட்டும், கதிரைக்குப் போடுகிற றெக்சீனும் ஒரே பொருளின் பிள்ளைகள். அதன் பெயர் பிவிசி. இயல்பில் அது குழாயைப் போல விறைப்பானது. அதை மழைக்கோட்டு மாதிரி வளைய வைக்க வேண்டுமென்றால் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்க வேண்டும். பெரும்பாலும் கலப்பது தலேற்று என்ற இரசாயன வகை. பிளாஸ்ரிக்கோடு அது கட்டுப்பட்டு நிற்பதில்லை. மாவுக்குள் விட்ட எண்ணெய் மாதிரி உள்ளே இருந்துகொண்டு மெல்ல மெல்ல வெளியே வரும். சூட்டிலும் எண்ணெய் பட்டாலும் இன்னும் கெதியாக வரும். புது மழைக்கோட்டை விரித்ததும் மூக்கில் அடிக்கிறதே ஒரு நெடி, மென்மையாக்கிய மலிவான பிளாஸ்ரிக்கின் அடையாளம் அதுதான்.

தலேற்றுகளில் சில, உடம்பின் ஓமோன்களைக் குழப்பக் கூடியவை என்றும் இனப்பெருக்கத்துக்குக் கெடுதலானவை என்றும் ஐரோப்பிய நாடுகள் வகைப்படுத்தியிருக்கின்றன. சிறு பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களில் இவை 0.1 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. அமெரிக்காவும் 2008இல் அப்படியொரு சட்டம் கொண்டுவந்தது. பிள்ளை வாயில் வைக்கிற பொம்மைக்குச் சட்டம் வந்த அந்தக் காலத்தில், பெண் தன் உடம்புக்குள் வைக்கிற பொருளைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2006இல் டென்மார்க் நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் இப்படியான பாலியல் பாவனைப் பொருட்களை வாங்கிச் சோதித்தது. மென்மையான பிளாஸ்ரிக்கினால் ஆனவற்றில் தலேற்றுகள் இருந்தன. இந்த வகைப் பொருட்களுக்கென்று ஒரு சர்வதேசத் தரம், ஐ.எஸ்.ஓ. 3533 என்ற இலக்கத்தில், 2021இல்தான் வந்தது. அதுவும் தயாரிப்பவர் விரும்பினால் பின்பற்றுகிற தரம். கட்டாயமில்லை.

சிலிக்கோன் வேறு சாதி. அதன் மூலம் மணலில் இருக்கிற சிலிக்கன். அதையும் ஒட்சிசனையும் மாறி மாறிக் கோத்த சங்கிலி அது. மென்மையாக்க எண்ணெய் எதுவும் தேவையில்லை, தன் இயல்பிலேயே வளையும். 200 பாகை செல்சியஸ் வரை சூடு தாங்கும், ஆகவே கொதிக்கிற தண்ணீர் அதற்குப் பெரிய விடயமில்லை. கிருமி ஒளிந்திருக்கத் துளைகள் இல்லை. நல்ல மாதவிடாய்க் கிண்ணங்களில் பெரும்பாலானவை இதில் செய்தவை. 2019இல் லான்செற் பொதுச் சுகாதார இதழில் 43 ஆய்வுகளை, 3300க்கு மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் பங்குபற்றியவற்றை, ஒன்றாகப் பார்த்துக் கிண்ணம் பாதுகாப்பானதென்று சொன்னார்கள். அது ஒழுங்காகச் செய்த கிண்ணத்தைப் பற்றிய பேச்சு. சிலிக்கோன் என்று பெட்டியில் எழுதி உள்ளே வேறொன்றை வைத்து விற்பவனுக்கு அந்த ஆய்வு சாட்சி சொல்லாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ரி.பி.ஈ. என்றொரு வகை இருக்கிறது. தொட்டால் றப்பர் மாதிரி இருக்கும், சூடாக்கினால் உருகும். இதிலும் நல்லது உண்டு, பெயர்பெற்ற சில கிண்ணங்கள் கூட இதில் செய்யப்படுகின்றன. ஆனால் தோலைப் போல மெத்தென்று இருக்க வேண்டுமென்று எண்ணெயை அள்ளிக் கலந்த மலிவுச் சரக்கு நுண்துளை உள்ளது. எவ்வளவு கழுவினாலும் உள்ளே அழுக்குத் தங்கும். "ஜெலி", "தோல் போன்றது", "சிலிக்கோன் கலவை" என்றெல்லாம் எழுதியிருந்தால் அது சிலிக்கோன் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கை றப்பர் பால் கெட்டதல்ல, நம் நாட்டிலேயே விளைகிறது. ஆனால் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பலூன் ஊதினால் உதடு தடிக்கிறவர்களும், றப்பர்க் கையுறை போட்டால் கை கடிக்கிறவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

சரி, வீட்டிலே எப்படிப் பார்ப்பது? கண்ணாடி மூடியுள்ள வெறும் போத்தலை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பொருளை அதற்குள் போட்டு இறுக்கி மூடி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் திறந்து மணந்து பாருங்கள். சிலிக்கோனில் மணம் இருக்காது, அல்லது மிக இலேசாக இருக்கும். மழைக்கோட்டு நெடி வந்தால் அத்தோடு விடயம் முடிந்தது. வாசனை போட்டு விற்பார்கள், ஸ்ரோபெரி, வனிலா என்று. அது நெடியை மூடுகிற வேலை. என்னைப் பொறுத்தவரை வாசனை போட்டதே வேண்டாம் என்பதற்குப் போதிய காரணம்.

இன்னொன்று, வெள்ளைத் தாள். இரவு தாளில் வைத்துவிட்டு விடிய எடுத்துப் பாருங்கள். பலகாரம் வைத்த தாள் மாதிரி எண்ணெய்க் கறை பிடித்திருந்தால், அல்லது பொருள் கையில் பிசுபிசுத்தால், அதற்குள் இருக்கிற திரவம் வெளியே வருகிறது. தாளில் வந்தது உடம்பிலும் வரும்.

மூன்றாவது, கொதிநீர். மோட்டார், பற்றரி இல்லாத பொருளென்றால் ஐந்து நிமிடம் கொதிக்க விடலாம். சமையலுக்கு எடுக்காத ஒரு பாத்திரத்தை இதற்கென ஒதுக்கி வையுங்கள். பொருள் அடியில் ஒட்டாதபடி தண்ணீர் நிறைய விடுங்கள். சிலிக்கோன் போன மாதிரியே திரும்பி வரும். மற்றவற்றில் பல நெளியும், ஒட்டும், நாறும். பெட்டியிலேயே "கொதிக்க வைக்கக் கூடாது" என்று எழுதியிருந்தால், பற்றரி இல்லாத பொருளாயின், அது சிலிக்கோன் அல்ல என்று விற்பவரே ஒத்துக்கொண்ட மாதிரி. பற்றரி உள்ளதைக் கொதிக்க வைக்க வேண்டாம், அது வேறு ஆபத்து.

நெருப்பில் காட்டிப் பார்க்கச் சொல்கிற காணொளிகள் நிறைய வருகின்றன. சிலிக்கோன் எரிந்தால் வெண்சாம்பல் மிஞ்சும், பிவிசி கரும்புகை விட்டு உருகும் என்பது உண்மைதான். ஆனால் பிவிசியின் புகை நெஞ்சை எரிக்கும் அமிலப் புகை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில், சின்னக் குசினிக்குள் இந்த வேலை வேண்டாம். கருக்கிய பொருளையும் பிறகு பாவிக்க முடியாது. இழுத்துப் பார்த்தால் வெள்ளைக் கோடு தெரிந்தால் போலி என்பதும் நம்பக்கூடிய சோதனையல்ல. நல்ல சிலிக்கோனும் இழுத்தால் வெளுக்கும்.

இத்தனையும் செய்தாலும் ஒன்று மிஞ்சும். நெடி இல்லை, கறை இல்லை, கொதித்தும் வந்துவிட்டது. அது சிலிக்கோனாக இருக்கலாம். ஆனால் என்ன சாயம் போட்டார்கள், சரியாகப் பதப்படுத்தினார்களா என்பதை நம் மூக்கும் சட்டியும் சொல்லா. அதற்குத்தான் பெட்டியைப் பார்க்க வேண்டும். தயாரித்தவரின் பெயரும் விலாசமும், நாடு, தொகுதி இலக்கம், எந்தப் பொருளால் ஆனது, எப்படிக் கழுவுவது, இவை இருக்க வேண்டும். "மெடிக்கல் கிரேட்" என்ற இரண்டு சொல்லை எவரும் அச்சடிக்கலாம். "எப்.டி.ஏ. பதிவு பெற்றது" என்று போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் பதிவு செய்திருப்பது, அந்தப் பொருளைச் சோதித்து அங்கீகரித்ததாக ஆகாது. அந்த அலுவலகமே அப்படித்தான் சொல்கிறது.

இந்தப் போலிகள் இப்படிப் பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. நாப்கினுக்கு 2018 வரை இந்த நாட்டில் நூறு வீதத்துக்கும் மேல் வரி இருந்தது. 2022 நெருக்கடியில் விலை இன்னும் ஏறியது. கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தால் மாதம் எத்தனை பைக்கற்? பல வருடம் பாவிக்கலாம் என்று சொல்லும் கிண்ணத்தை ஒரு பைக்கற் நாப்கின் விலைக்கு பேஸ்புக்கில் காட்டினால் கை போகத்தான் செய்யும். முகாம் வாழ்க்கையில் பழஞ்சீலையைக் கிழித்து, காயவைக்க மறைவில்லாமல் ஈரத்தோடு கட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர். எங்களைப் பார்த்து "மலிவுக்கு ஏன் போனீர்கள்" என்று யாரும் கேட்க வேண்டாம்.

மற்றப் பொருள் இன்னும் சிக்கல். ஆபாசப் பொருட்களைப் பற்றிய 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இங்கே இருக்கிறது. வெளியிலிருந்து வருவது சுங்கத்தில் தடுக்கப்படவும் கூடும். ஆகவே விற்பனை ஒளிவுமறைவாக நடக்கிறது. ஒளிவுமறைவில் விற்கிறவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: உடம்பு எரிந்தாலும் புண்பட்டாலும் இந்தப் பெண் எங்கேயும் போய் முறையிட மாட்டாள். அந்த வெட்கம்தான் அவனுடைய உத்தரவாதப் பத்திரம்.

செயற்கைக் கால் போட்டிருக்கிற எங்கள் தோழியரைப் பாருங்கள். காலின் நுனியில் படுகிற உறை சரியில்லாவிட்டால், தோல் சிவந்தால், அடுத்த நாளே கொண்டுபோய்க் காட்டி மாற்றிக்கொள்கிறார்கள். அதில் அவர்களுக்கு வெட்கமில்லை. தொடையில் படுவதற்கு இருக்கிற நியாயம் அதற்குச் சற்று மேலே படுவதற்கு ஏன் இல்லை?

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில்: பாவிக்க வேண்டாம். தலையைச் சுற்றுகிற அளவு மணக்கிற பொருள் எத்தனை தரம் கழுவினாலும் சரியாகாது. மணம் மேலே பூசியதல்ல, உள்ளேயிருந்து வருவது. ஆணுறையை மேலே போட்டுப் பாவித்தால் பிளாஸ்ரிக் நேரே படாது என்று சிலர் சொல்வார்கள். படுவது குறையும், உண்மை. ஆனால் ஆணுறைக்குத் தேங்காயெண்ணெய் பூசினால் றப்பர் பழுதாகிக் கிழியும். பார்மசியில் விற்கிற தண்ணீர் சேர்ந்த ஜெல்தான் சரி. இவ்வளவு கெடுபிடியோடு கெட்ட பொருளைக் காப்பாற்றுவதை விட, சிநேகிதியிடம் "நல்ல சிலிக்கோன், பெயர் உள்ள கொம்பனி" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அனுப்புகிற மனம் உள்ளவள் அதையும் விளங்கிக்கொள்வாள்.

ஏற்கெனவே பாவித்து எரிவு, கடி, தடிப்பு, நாற்றத்தோடு வெள்ளைபடுதல் இருந்தால் உடனே நிறுத்துங்கள். டெற்றோல் விட்டுக் கழுவ வேண்டாம், அது புண்ணை இன்னும் கெடுக்கும். இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள். "உள்ளே வைத்த பிளாஸ்ரிக் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரு வசனம் அவருக்குப் போதும். கிண்ணம் வைத்திருக்கும்போது கடும் காய்ச்சல், வாந்தி, தோலில் சிவப்பு, தலைச்சுற்று வந்தால் கிண்ணத்தை எடுத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது மிக அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாது. லூப் போட்டிருப்பவர்களும் கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும் கிண்ணம் வாங்குவதற்கு முன்பே வைத்தியரைக் கேளுங்கள். கிண்ணத்தை இழுக்கும்போது லூப்பும் சேர்ந்து வரக் கூடும்.

கடையில் வாங்கிய கிண்ணம் போலியென்று தெரிந்தால் பற்றுச்சீட்டையும் பெட்டியையும் எறியாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுக வனிதையர் கிளினிக் எந்த நாள் என்று குடும்பநல மாதுவைக் கேட்டால் சொல்லுவார். 35 வயதாகியும் போகாதவர்கள் கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனையையும் அன்றே செய்துகொள்ளலாம், காசு இல்லை. போகும்போது அந்தப் பொருளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.