சாம்பியன் கோச் 55 வயதிலேயே ஒதுங்கியது ஏன்? டோனி பென்னட் விலகலின் பின்னணி

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து சீசன் தொடங்க சில வாரங்களே இருந்த நிலையில், 2024 அக்டோபரில் திடீரென ஓய்வை அறிவித்தார் விர்ஜினியா பல்கலைக்கழக ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் டோனி பென்னட். அப்போது அவருக்கு வயது 55தான்.

யார் இவர்?

2009-ல் விர்ஜினியா அணிக்கு வந்தவர். 2018 என்சிஏஏ தொடரில், முதல் தரநிலையில் இருந்த இவரது அணி, 16-வது தரநிலையில் இருந்த யுஎம்பிசி-யிடம் 54-74 என மண்ணைக் கவ்வியது. ஆண்கள் தொடரில் அதுவரை நடக்காத தோல்வி அது. ஆனால், அடுத்த ஆண்டே சாம்பியன்! அதற்காக வந்த சம்பள உயர்வையும் வேண்டாம்னு சொல்லிட்டார்.

அப்புறம் ஏன் விலகல்?

2021 முதல் மாணவ வீரர்கள் விளம்பரங்களில் சம்பாதிக்கலாம். 2024-ல் கல்லூரி மாறும் விதிகளும் தளர்ந்தன. படிப்பில் தகுதி இருந்தால், எத்தனை முறை மாறினாலும் ஒரு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை.

பென்னட் பாணியோ, புதுசா வர்ற பையனை வருஷக்கணக்கில் செதுக்கி எடுப்பது. இப்போ அந்தப் பையன் அடுத்த வருஷம் இருப்பானா என்பதே சந்தேகம். வீரர்களுக்குப் பணம் கிடைப்பது சரிதான் என்ற பென்னட், இந்தச் சூழலுக்கு ஏற்ற ஆள் தான் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

அவரை வெளியே அனுப்பியது தோல்வி அல்ல, மாறிப்போன ஆட்டவிதி.