ஏற்றம் யாருக்கு?

மதுத்தொழில் அதிபரின் ஏற்றத்தைத் தனிமனித முயற்சியின் வெற்றியாகச் சித்திரிப்பது முதலாளித்துவச் சரித்திரகாரரின் வழக்கம். அவர்கள் விரும்பிக் காட்டும் உதாரணம் ஆதர் கினஸ். 1759 ஆம் ஆண்டின் இறுதி நாளில், டப்ளின் நகரிலே இயங்காது கிடந்த பியர்ச்சாலையொன்றை, ஆண்டுக்கு 45 பவுண் வாடகையில், 9,000 ஆண்டுகளுக்கு அவர் குத்தகைக்கு எடுத்தார். துணிவின் சின்னமாக அது போற்றப்படுகின்றது. 1775 இல் நிகழ்ந்தது என்ன? உரிமைக்கு மேலாக அவர் நீர் பெறுகின்றார் எனக் குற்றஞ்சாட்டிய மாநகரசபை, வாய்க்காலைத் தூர்க்க ஆட்களை அனுப்பிற்று. கினஸ் பிக்கானைப் பற்றி எதிர்த்து நின்றார். அதனையும் வீரக்கதையாகவே சொல்கின்றனர். நீர் ஊருக்குப் பொதுவானது என்பது மட்டும் அக்கதையில் இடம்பெறுவதில்லை.

எமது நாட்டின் கதையும் வேறன்று. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் விட்டு வருவாய் தேடினர். அக்குத்தகையிற் பெருகிய பணம் தோட்டங்களாகவும் மாளிகைகளாகவும் பட்டம் பதவிகளாகவும் உருமாறியதைக் குமாரி ஜயவர்த்தன 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே விரிவாக நிறுவியுள்ளார். இச்செல்வத்தின் ஊற்று தனிமனித ஆற்றலன்று, அரசு வழங்கிய ஏகபோகம், குடித்தவனின் கூலி.

மட்டக்களப்பார் இதனைப் பழங்கதையென ஒதுக்க இயலாது. 2017 இல், எமது மாவட்டத்தின் கல்குடாப் பகுதியிலே எதனோல் வடிசாலை எழுந்தபோது மக்கள் எதிர்த்து நின்றனர். அவர்களை அபிவிருத்தியின் பகைவர் என்பது எளிது. வேலைவாய்ப்பு வரும், வரி வரும் என்பது பழகிய வாதம். வரி எங்கிருந்து வருகின்றது? படுவான்கரை வயலிலே கதிரறுத்தவனும் வாவியிலே வலைவீசியவனும் மாலையிற் கொடுக்கும் காசிலிருந்தன்றோ! அக்காசு அவன் வீட்டு உலைக்குரியது. ஆயிரம் வீடுகளிலிருந்து எடுத்து, சில வீடுகளுக்குச் சம்பளமாகக் கொடுப்பதை அபிவிருத்தி எனலாமா?

கள்ளிறக்குவோன் அனுமதிப்பத்திரமின்றி ஒரு முட்டி கட்டினாற் குற்றவாளி. பெருமுதலாளி அனுமதியுடன் ஆயிரமாயிரம் லீற்றர் வடித்தால் தொழிலதிபர். இவ்வேறுபாட்டை வகுத்தது ஒழுக்கமன்று, அதிகாரம்.

ஆதலின் மதுத்தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலாளியின் கணக்கேட்டை மட்டும் புரட்டுதல் போதாது. நீர் யாருடையது, அனுமதி யார் அளித்தது, கூலி யாருடையது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவற்றுக்கு விடை கூறாத ஏற்றம் வரலாறாகாது, விளம்பரமே ஆகும்.