ஜான் பிரெஸ்காட்டும் என் சிவப்புப் பேனாவும்



பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாட்களில் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். பிரிட்டனின் துணைப் பிரதமராகப் பத்து ஆண்டுகள் (1997–2007) இருந்த ஜான் பிரெஸ்காட். 2024 நவம்பரில், 86 வயதில் காலமானார்.

அப்பா ரயில்வே சிக்னல்மேன். அந்தக் காலத்தில் அங்கே 11 வயதில் ஒரு தேர்வு. தேறினால் நல்ல பள்ளி, தேறாவிட்டால் சாதாரணப் பள்ளி. பிரெஸ்காட் தேறவில்லை. அவருக்குப் பிடித்த பெண் தேறிவிட்டாள். அவளுக்கு ஒரு காதல் கடிதம் எழுதினாராம். அவள் எழுத்துப்பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள்! இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பிழை திருத்தியே பிழைத்தவள் நான்.

15 வயதில் பள்ளியை விட்டார். பின்னர் பயணிகள் கப்பலில் உணவும் பானமும் பரிமாறும் வேலை. அங்கே கடலோடிகள் சங்கத்தில் பேசத் தொடங்கினார். சம்பளமும் வேலை நேரமும் பேசுகிற கூட்டத்தில் யாரும் எழுத்துப்பிழை பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு, உழைக்கும் மக்களுக்காக ஆக்ஸ்போர்டில் நடந்த ரஸ்கின் கல்லூரியில் படித்தார். அடுத்து ஹல் பல்கலைக்கழகத்தில் பட்டம். 1970இல் ஹல் துறைமுக நகரிலிருந்தே எம்.பி. ஆனார். 40 ஆண்டுகள் நீடித்தார்.

அப்படியும் விட்டார்களா? அவர் பேச எழுந்தால், எதிர்வரிசை மேட்டுக்குடி உறுப்பினர்கள் 'மது கொண்டுவா' என்று குரல் கொடுப்பார்கள். எழுவாய் ஓரிடம், பயனிலை ஓரிடம் என்று அவர் பேசுவதைப் பத்திரிகைகள் கிண்டலடிக்கும். 1997இல் கியோட்டோ பருவநிலை ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் முக்கியப் பங்காற்றியவரும் இதே மனிதர்தான்.

அவர் ஒன்றும் மகான் அல்ல. 2001 தேர்தலின்போது முட்டை எறிந்தவரை ஓங்கிக் குத்தியவர். ஆனால் அந்தக் கேலி இலக்கணப் பற்றால் வந்தது என்று நான் நம்பவில்லை. 'நீ எப்படி உள்ளே வந்தாய்?' என்பதுதான் அதன் பொருள்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஒரு பையன் எழுந்து 'வாளப்பளம்' என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வருடம் முழுக்க அவன் பிறகு கை தூக்கவே இல்லை. அன்று அவன் என்ன சொல்ல வந்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

தம்பி, நீ இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடு.

உங்களில் ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பேசும்போது முதலில் சொல்ல வந்ததைக் கேளுங்கள். ழகரத்தை அப்புறம் திருத்தலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்