பாடம் வேறு, குறிப்பு வேறு

கடலூருக்கு மேற்கே, கெடிலக் கரையில் உள்ள திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் மூன்றாம் இராசராசனின் 16ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் கி.பி. 1231-32. காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததும், போசள வீரநரசிம்மன் அனுப்பிய அப்பண தண்டநாயகரும் சமுத்திர கோப்பைய தண்டநாயகரும் படை நடத்தி வந்து மன்னனை மீட்டதும் அதில் விரிவாக வருகின்றன. படை கடந்த ஊர்கள் பெயர் பெயராகச் சொல்லப்படுகின்றன. இடையில் பொன்னம்பலத்து வழிபாடும் பதிவாகிறது. எபிகிராபியா இண்டிகாவின் 7ஆம் தொகுதியில் இதன் பாடம் வெளிவந்து நூறாண்டுக்கு மேலாகிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்தில் கல்வெட்டுப் படிக்கத் தொடங்கும் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் இதன் முன் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த ஒரு கல்வெட்டுக்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தாலே நம் துறைக்கு எத்தகைய கருவி தேவை என்பது விளங்கிவிடும். ஒவ்வோர் ஊர்ப்பெயரும் வேறு எந்தக் கோயிலில் வருகிறது, அந்தத் தண்டநாயகர்கள் வேறெங்கே தென்படுகிறார்கள், இதே நிகழ்ச்சியைக் காடவர் தரப்பிலிருந்து சொல்லும் வயலூர்க் கல்வெட்டு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று நூல்கள் நாலாபக்கமும் ஓடும். துண்டுச் சீட்டும் நோட்டுப் புத்தகமும் இதற்குப் போதவில்லை. வேர்டு கோப்புகளும் போதவில்லை. அதனால்தான் நம்மில் பலர் குறிப்புச் செயலிகளை நாடுகிறோம். அவற்றுள் அப்சிடியன் என்னும் மேசைக்கணினிச் செயலி இளம் ஆய்வாளர்களிடையே விரும்பப்படுகிறது. கல்வெட்டு வேலைக்கு அது எவ்வளவு தூரம் துணைவரும், எங்கே காலை வாரும் என்பதைத் துறைக்குள்ளிருந்து எழுதியாக வேண்டும் என்பதால் இந்த இதழின் ஆசிரியர் உரையை அதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் அதன் பெரிய நற்குணம். 2020இல் வந்த இச்செயலி நம் குறிப்புகளைத் தனக்கே உரிய பூட்டிய வடிவத்தில் வைப்பதில்லை. ஒவ்வொரு குறிப்பும் நம் வட்டில், நாம் சொன்ன கோப்புறையில், சாதாரண உரைக் கோப்பாக இருக்கிறது. செயலியை நாளையே நீக்கினாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். இது சின்ன விஷயம் இல்லை. எவர்நோட்டில் ஆண்டுக்கணக்காகக் குறிப்பு சேர்த்தவர்கள், 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டு என்று வரம்பு வந்தபோது பட்ட பாடு பலருக்கும் தெரியும். கல்வெட்டு ஆய்வு முப்பது, நாற்பது ஆண்டு நீளும் வேலை. எந்த நிறுவனத்தின் கட்டணக் கொள்கையும் அவ்வளவு காலம் மாறாமல் நிற்காது.

இணையம் இல்லாமலும் அது இயங்கும் என்பது நம் பகுதிக்குக் கூடுதல் பலன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய பின் வந்த நாட்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் கோப்பு நம் வட்டிலேயே இருப்பதன் மறுபக்கமும் உண்டு. வட்டு போனால் எல்லாமே போகும். 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்து வீடுகளுக்குள் தண்ணீர் நின்ற உயரத்தை நினைத்துக்கொண்டால், இரண்டாவது படி ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை. செயலியின் சொந்த ஒத்திசைவுச் சேவைக்குப் பணம் கட்ட வேண்டும். கட்ட இயலாதவர் வாரம் ஒருமுறை கோப்புறையை வெளிவட்டில் நகலெடுத்து, சென்னையிலோ திருச்சியிலோ உள்ள ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம்.

இரண்டாவது நற்குணம் இணைப்பு. ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதி அதைச் சொடுக்கினால் அந்தப் பெயருக்கென ஒரு குறிப்பு பிறக்கிறது. பிறகு எந்தெந்தக் குறிப்பிலிருந்து அதற்கு இணைப்பு வந்திருக்கிறது என்று செயலி தானே பட்டியலிடும். மணவில் கூத்தனான நரலோகவீரனை எடுத்துக்கொள்வோம். முதலாம் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் பணியாற்றிய இந்தப் படைத்தலைவனின் திருப்பணிகளைச் சிதம்பரத்திலும் திருவதிகையிலும் உள்ள பாடல் கல்வெட்டுகள் அடுக்கிச் சொல்கின்றன. மூவர் பதிகங்களைச் செப்பேட்டில் எழுதுவித்ததும் அவற்றில் ஒன்று. காலிங்கராயன், அருளாகரன் என்று அவனுக்குப் பட்டங்களும் பல. இரு கோயில்களின் குறிப்புகளையும் எழுதி முடித்தபின் அவன் பெயருக்கான பக்கத்தைத் திறந்தால் இரண்டு ஊர்ச் செய்திகளும் அருகருகே வந்து நிற்கும். அட்டைப்பெட்டிக் காலத்தில் இதற்கு மாதங்கள் ஆகும்.

சரி, அந்தப் பட்டங்களையெல்லாம் ஒரே ஆளுக்குச் சேர்ப்பது எப்படி? செயலியில் மாற்றுப்பெயர் என்று ஒரு வசதி உண்டு. ஒரு குறிப்புக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தில்லை, பெரும்பற்றப்புலியூர், சிதம்பரம் மூன்றும் ஒரே குறிப்பைத் திறக்கும். ஊருக்கு இது மிகப் பொருத்தம். ஆளுக்கு இதுவே ஆபத்து. நம் கவலையில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கோப்பெருஞ்சிங்கன் ஒருவனா, அதே பெயரில் தந்தையும் மகனுமாக இருவரா என்பதில் அறிஞர்கள் ஒருமித்ததில்லை. அழகிய சீயன், அவனியாளப்பிறந்தான், மணவாளப்பெருமாள் ஆகிய பெயர்களில் எது யாருடையது என்பது அந்த விவாதத்தின் உயிர்நாடி. நேற்றுத் தொடங்கிய மாணவர் ஒருவர் வசதிக்காக இவை அனைத்தையும் ஒரே குறிப்பின் மாற்றுப்பெயர்களாகப் போட்டுவிட்டால், விவாதம் அங்கேயே முடிந்துபோகிறது. சான்று பார்த்து முடிந்ததில்லை. ஒரு வரி அமைப்பால் முடிந்தது. ஐந்தாண்டு கழித்து அவர் ஆய்வேடு எழுதும்போது, தாம் எப்போது இந்த முடிவுக்கு வந்தோம் என்பதே அவருக்கு நினைவிருக்காது. செயலியின் இணைப்புக்கு வகையும் கிடையாது. "இவனும் அவனும் ஒருவனே", "இவனை அவனாகக் கருதுவர் சிலர்", "இவன் அவனுடைய பகைவன்" எல்லாமே அதற்கு வெறும் கோடு. வரைபடக் காட்சியில் எல்லாக் கோடும் ஒரே தடிமனில் தெரியும். பார்க்க அழகான அந்த வரைபடத்தைக் கருத்தரங்கில் திரையிட்டுச் சான்றுபோல் காட்டுவதை ஏற்க முடியாது.

எனவே நாம் பரிந்துரைப்பது இது. கல்வெட்டில் உள்ள பெயர் வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு வையுங்கள். இரண்டு வடிவங்கள் ஓர் ஆளையே குறிக்கின்றன என்று கருதினால் அதற்கென மூன்றாவது குறிப்பு ஒன்று எழுதி, காரணத்தையும், அப்படிக் கருதிய அறிஞர் பெயரையும், நாம் ஏற்ற நாளையும் அதில் போடுங்கள். கருத்து மாறினால் அந்த ஒரு குறிப்பை மட்டும் திருத்தினால் போதும்.

அடுத்தது பாடம். இங்கே செயலியின் குறை இன்னும் வெளிப்படையானது. அப்சிடியன் மார்க்டவுன் முறையில் எழுதப்படுவது; அதில் சில குறிகளுக்குத் தனிப் பொருள் உண்டு. அதே குறிகளுக்கு நம் துறையிலும் நூறாண்டுக்கு மேற்பட்ட பொருள் இருக்கிறது. சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்பிலும், திருத்திய எழுத்தை வளைவு அடைப்பிலும் காட்டுகிறோம். சதுர அடைப்பை ஒட்டி வளைவு அடைப்பு வந்தால் மார்க்டவுன் அதை இணையச் சுட்டி என்று எண்ணிக்கொண்டு, வாசிப்புக் காட்சியில் வளைவுக்குள் இருப்பதை மறைத்துவிடும். நாம் அரும்பாடுபட்டுப் போட்ட திருத்தம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வரி எண்ணின் கதி இதைவிட மோசம். வரித் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் வந்தால் அது எண்பட்டியலாகிவிடுகிறது. கட்டடம் மறைத்த வரிகளை விட்டுவிட்டு 1, 2, 5, 6 என்று எழுதினால் வாசிப்புக் காட்சி 1, 2, 3, 4 என்று காட்டும். கல்வெட்டில் இரண்டு வரி காணாமல் போன செய்தியே காணாமல் போகிறது. அதை நம்பி மேற்கோள் காட்டுபவர் தவறான வரியைக் காட்டுவார்.

இதற்கு வழி உண்டு. விசைப்பலகையில் எண் 1க்கு இடப்பக்கம் உள்ள சாய்ந்த குறியை மூன்று முறை தட்டி ஒரு வரி, பாடம் முடிந்தபின் அதே மூன்று குறிகளுடன் ஒரு வரி என்று அமைத்தால், நடுவில் இருப்பதைச் செயலி தொடாது. எழுதியது எழுதியபடி நிற்கும். இப்படி அமையும் கட்டத்துக்குள் தமிழ் எழுத்துரு சற்று அலங்கோலமாகத் தெரியலாம், பொறுத்துக்கொள்ளலாம். பாடத்துக்குள் இணைப்பு எதுவும் போடக் கூடாது என்ற ஒழுங்கும் இதனால் தானாகவே வந்துவிடுகிறது. இணைப்பு என்பது நம் விளக்கம். அது பாடத்துக்குக் கீழே, குறிப்பில்தான் இருக்க வேண்டும்.

தேடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் அப்சிடியன் பல செயலிகளைவிட மேல். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் ஐந்தாம் தலைமுறை முழுஉரைத் தேடல், இயல்பு அமைப்பில் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்ளும். புள்ளியும் உயிர்க்குறிகளும் அதற்குச் சொல்லைப் பிரிக்கும் இடைவெளிகள். அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்ட செயலியில் "வரி" என்று தேடினால் "வரை"யும் சேர்ந்து வரும். இறையும் வரியும் பேசும் கல்வெட்டுகளோடு வாழும் நமக்கு இது உதவாது. அப்சிடியன் சொல்லின் நடுவிலும் தேடும். அதனால் ஒரு எளிய உத்தி பலிக்கும்: இறுதிப் புள்ளியை விட்டுவிட்டுத் தேடுங்கள். "புலியூர்" என்று தேடினால் "புலியூரில்" அகப்படாது; "புலியூர" என்று தேடினால் இரண்டும் அகப்படும். கல்வெட்டில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடாததால் ஒருவர் "கொப்பெருஞ்சிங்க" என்றும் மற்றவர் "கோப்பெருஞ்சிங்க" என்றும் எழுதியிருப்பார்கள். அதற்கும் செயலியில் இடமுண்டு: தேடல் பெட்டியில் /க[ொோ](ப்)?ப/ என்று சாய்கோடுகளுக்குள் இட்டால் இரு வடிவமும், ஒற்று விடுபட்ட வடிவமும் கிடைக்கும்.

தேடல் தோற்கும் இடங்களும் உண்டு. பெரும்பாலும் குற்றம் செயலியினுடையது அன்று. "ஸ்ரீ" ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. பழைய முறை ஸகரத்தை அடியாகக் கொண்டது. 2005இல் ஶகரம் சேர்க்கப்பட்ட பிறகு அதை அடியாகக் கொண்ட வடிவம் வந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கும் பாடங்களில் பாதி தேடலுக்கு அகப்படாமல் போக இதுவே போதும். ஒரு குழுவில் எல்லோரும் ஒரே விசைப்பலகை முறையைப் பின்பற்றுவதே இதற்கு மருந்து. வேலி, குழி முதலிய அளவைக் குறியீடுகளும் பின்னக் குறியீடுகளும் 2019இல்தான் ஒருங்குறியில் இடம்பெற்றன. ஏற்ற எழுத்துரு இல்லாத கணினியில் அவை கட்டங்களாகத் தெரியும். குறியீட்டோடு சொல்லாலும் எழுதிவிடுங்கள்.

மூத்த ஆய்வாளர்களின் பழைய கோப்புகளுக்கு ஒரு எச்சரிக்கை. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்கும் முன்பு நாம் தட்டச்சிட்டவை பலவும் பாமினி, டாம், டாப் போன்ற குறியேற்றங்களில் இருக்கின்றன. வேர்டில் அந்த எழுத்துருவோடு சரியாகத் தெரியும் பக்கம், எழுத்துருவை நினைவில் கொள்ளாத அப்சிடியனுக்குள் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக மாறும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் முதலில் மாற்றிவிட்டு, மைப்படியோடு வரிக்கு வரி ஒப்பிட்டபின் உள்ளே கொண்டுவருக. மாற்றியை மட்டும் நம்பினால் கிரந்த எழுத்துகளில் ஏமாற்றம் வரும்.

மனதை உறுத்தும் ஒரு குறை மீதமிருக்கிறது. இந்தச் செயலி ஒரு மனிதனின் தனிமைக்காகச் செய்யப்பட்டது. கல்வெட்டுப் படிப்பு ஒருபோதும் அப்படி நடந்ததில்லை. ஒருவர் படியெடுப்பார், ஒருவர் படிப்பார், இன்னொருவர் மறுப்பார். இரண்டு பேர் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் வேலை செய்ய அப்சிடியன் தோதான இடம் இல்லை. யார் எந்த எழுத்தை எப்போது மாற்றினார் என்ற தடமும் பாடத்தின் பக்கத்தில் நிற்பதில்லை. ஆளுக்கொரு பிளக்இன் போட்டுக்கொண்டால் ஒருவருடைய குறிப்புக் கோப்புறை மற்றவருக்கு விளங்காது. ஆய்வாளர் மறைந்தபின் அவர் கணினியைத் திறக்கும் மகனோ மாணவரோ ஆயிரம் கோப்புகளைக் காண்பார். எது பாடம், எது ஊகம், எது பாதியில் விட்ட எண்ணம் என்று சொல்ல அங்கே எவரும் இருக்க மாட்டார்கள். பாடத்தையும் குறிப்பையும் இரண்டு தனிக் கோப்புறைகளில் வைத்திருப்பவரின் உழைப்பு மட்டுமே அப்போது தப்பும்.

அடுத்த இதழ் முதல், புதிய கல்வெட்டுப் பாடத்தை வெளியிட விழையும் கட்டுரையாளர்கள் பாடத்தைத் தனி உரைக் கோப்பாக, ஒருங்குறியில், வேறெந்த வடிவமைப்பும் இல்லாமல் கட்டுரையோடு சேர்த்து அனுப்ப வேண்டுகிறோம். வரி எண்ணை இரு செங்குத்துக் கோடுகளுக்குள் இடுக: |1|, |2|, |5| என்பதுபோல. ஆண்டறிக்கை எண்ணில் வரும் சாய்கோட்டைக் கோப்புப் பெயர் ஏற்காது, இடைக்கோடு போடுக. படித்தவர், சரிபார்த்தவர் பெயர்களும் நாளும் கோப்பின் முதல் மூன்று வரிகளில் இருக்கட்டும். சரிபார்த்தவர் இன்னும் கிடைக்கவில்லை என்றால் அந்த வரியை வெறுமையாக விட்டு அனுப்புங்கள். கடலூரிலோ சிதம்பரத்திலோ கல்லருகே போய்ப் பார்க்கக்கூடிய ஒருவரை இதழ் தேடித் தரும்.