லாங் பஜாரும் ஊட்டியும் ஒரே கலரா?

சாயங்காலம் வேலூர் லாங் பஜாருக்குள் பைக்கை விட்டுப் பாருங்க, கால் ஊன்ற இடம் இருக்காது. ஆனா நாம புராஜெக்டில் போடும் மக்கள் அடர்த்தி வரைபடத்தில் வேலூரும் நீலகிரியும் ஒரே வெளிர் மஞ்சள்!

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். சென்னை 26,000க்கு மேல். அடுத்து வரும் கன்னியாகுமரி வெறும் 1,100 சொச்சம். இதைச் சம இடைவெளியில் ஐந்தாகப் பிரித்தால் 31 மாவட்டமும் முதல் கட்டத்தில், சென்னை கடைசிக் கட்டத்தில். நடுவில் மூணு கலர் லெஜண்டில் சும்மா உட்கார்ந்திருக்கும். குவான்டைல் போட்டால் எல்லா கலரும் வரும். ஆனா சென்னையும் கன்னியாகுமரியும் ஒண்ணாகிவிடும்.

பின் ஜியாங் 2013இல் எழுதிய ஹெட்/டெயில் முறை சராசரியில் வெட்டும்; மேலே நிற்பதை மறுபடி அதன் சராசரியில் வெட்டும். ஊர்களின் மக்கள்தொகை போல, பெரியவை சில, சிறியவை ஏராளம் என்றால் அருமை. இங்கே சராசரியைத் தாண்டுவது சென்னை மட்டும். முதல் வெட்டிலேயே கதை முடிஞ்சது.

அதனால் என் கட்சி இது: சென்னைக்குத் தனி கலர் கொடுங்க, மீதி 31ஐ மட்டும் பிரியுங்க. வைவாவில் "சாஃப்ட்வேரே போட்டுச்சு சார்" என்று சொல்லாதீங்க. 600ஐத் தாண்டிய அன்றைய வேலூர் மாவட்டம், 300ஐ எட்டாத நீலகிரியிலிருந்து அப்போதான் பிரிந்து தெரியும். லாங் பஜார் நெரிசல் அதிலும் தெரியாது. அதுக்கு வார்டு கணக்கு வேணும்.