மண் பாதை மேல் என்ன கோபம்?

எங்கள் பூங்காவின் நடைபாதையில் பாதியைப் போன மாதம் தோண்டி, பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். மீதிப் பாதிக்கும் லாரியில் கல் வந்து இறங்கிவிட்டது. "பளிச்சுனு ஆயிடுச்சு சார்" என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிறு எரிகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம், 61 வயதில் ஓட ஆரம்பித்தேன். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை, அவ்வளவுதான். "மணலில் ஓடுங்க, முட்டிக்கு நல்லது" என்றார் நண்பர். மெரினாவுக்குப் போனேன். மூன்றாம் வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை. முட்டி நன்றாகத்தான் இருந்தது. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் வீங்கிவிட்டது. மெத்து மணலில் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் புதையும். அதைத் தூக்கித் தூக்கியே கெண்டைக்கால் ஓய்ந்துவிடும். அலையோர ஈரமணல் கெட்டிதான். ஆனால் கடல் பக்கம் சரிவு. ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில் ஓடினால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?

ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன். பிறகு கதி என்று வந்தது இந்த மண் பாதைக்குத்தான். சமமான தரை, கெட்டியான மண். ஒரே வருடத்தில் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன்.

"1960 ரோம் ஒலிம்பிக்கில் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கலையா? கல்லாவது, மண்ணாவது!" என்று ஒருவர் மடக்கினார். வாங்கினார்தான். அப்போது அவருக்கு 28 வயது, ஓடி ஓடி உரமேறிய கால். நாம் நாற்காலி தேய்த்தவர்கள்.

தார் ரோட்டை நான் பழிக்கவில்லை. காங்கிரீட்டைவிட அது மேல். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் உடம்பு பழகிக்கொள்ளும். ஆனால் பைக்கும் நாயும் விடவேண்டுமே! பேவர் பிளாக்கோ சிமென்ட் கல். அடியில் மண் அமுங்கினால் ஒரு கல் இறங்கும், பக்கத்துக் கல் துருத்தும். விடியற்காலை அரையிருட்டில் அது போதும், விரல் இடற. மழைக்காலத்தில் பாசி வேறு. நம் வயதில் விழுந்தால் சிராய்ப்போடு போகாது. இடுப்பெலும்பில் போய் நிற்கும்.

"மழை பெய்தால் மண் பாதை சேறாகிறதே?" உண்மை. ஓரத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, வருடம் ஒருமுறை மண் கொட்டி உருளை ஓட்டினால் தீர்ந்தது. அதற்கு யாருக்கும் மனசில்லை. கல் பதித்தால்தானே திறப்பு விழா நடத்தலாம்!

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குக் கெட்டியான தளம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் பாதி போட்டாயிற்றே. மீதியை மண்ணாக விடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறேன். இதுவரை 14 கையெழுத்து. உங்கள் பேட்டைப் பூங்காவிலும் கல் லாரி வரும். இறக்குவதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுங்கள். நான் லாரி போன பிறகுதான் விழித்துக்கொண்டேன்.